வெள்ளத்துக்கு வரிசை

பள்ளிக்கூடங்களில் ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்பிள்ளைகளே, மணி அடிக்கவும் தூத்து வாரவும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கை இருக்கிற எவளும் அதைச் செய்வாள். நான் சொல்ல வந்தது வேறு காரியம். ஆபத்து வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பழக்கி வைப்பது எப்படி என்பது. இப்போது அதற்கு ஆபீசர்கள் வந்து படம் காட்டிச் சொல்லித் தருகிறார்களாம். தரட்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே ஒரு சொல்லால் வெளியே கொண்டுவந்தவள். அந்த ஆபீசர்களில் அப்படி ஒருத்தர் இருந்தால் சொல்லுங்கள், அவர் முன்னால் நான் எழுந்து நிற்கிறேன்.

திருவனந்தபுரத்தில் மகாராணி ஆண்டுகொண்டிருந்த காலம். பூதப்பாண்டிக்குத் தெற்கே வயலும் குளமுமாகக் கிடக்கிற ஊரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். மண்சுவர், ஓலைக்கூரை, ஒரே நீளக் கட்டிடம். நடுவில் தட்டி வைத்து நாலு வகுப்பாகப் பிரித்திருந்தது. மேற்கே இருபது எட்டு வைத்தால் பெரிய குளத்தின் கரை. குளம் நிறைந்துவிட்டால் நம் தலைக்கு மேலேதான் மீன் நீந்தும். கிழக்கே ஒரு பொத்தை, அதாவது பாறையாக எழும்பி நிற்கிற சின்னக் குன்று. அதன் உச்சியில் எங்கள் சபைக் கோயில். ஏறிப்போக நாற்பது படி. பள்ளிக்கூடத்தை ஏன் பொத்தையில் கட்டாமல் குளத்துக்கு அடியில் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள். அந்த நிலம் தானமாக வந்தது. நல்ல நிலத்தை யார் தானம் கொடுக்கிறார்கள்?

என் வேலை வெள்ளம் கோரிக் கொடுப்பது. உங்களில் கிழக்கேயிருந்து வந்தவர்கள் இருந்தால் ஒன்றை இப்போதே காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். தாகமெடுத்தால் வெள்ளம் தா என்போம். சூடு வெள்ளம், பச்சை வெள்ளம், கஞ்சி வெள்ளம் எல்லாம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அதே சொல்லுக்கு ஊரை அடித்துக்கொண்டு போகிற பெருக்கு என்று அர்த்தம். ஒரு சொல் கணவாயைக் கடக்கும்போது இப்படிக் குணம் மாறிவிடும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

தினமும் பதினொரு மணிக்குப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “வெள்ளேம்...” என்று இழுத்துக் கூப்பிடுவேன். பிள்ளைகள் சுவரில் மாட்டியிருக்கிற சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். தேங்காய்ச் சிரட்டைதான், உள்ளும் புறமும் வழவழவென்று தேய்த்தது. அவரவர் சிரட்டை அவரவருக்கு. அந்தக் காலத்தில் யார் வீட்டுப் பிள்ளை யார் பாத்திரத்தில் வாய் வைக்கலாம் என்பதற்கெல்லாம் ஊரில் பெரிய கணக்கு உண்டு. அதனால் நான் ஒசரத்தில் பிடித்து ஊற்றுவேன். ஆனால் வரிசை ஒன்றுதான். குட்டைப் பிள்ளை முன்னால், நெட்டைப் பிள்ளை பின்னால். ஒரு தகப்பனார் வந்து, தன் மகன் இன்னார் பிள்ளைக்குப் பின்னால் நிற்பதா என்று சண்டை பிடித்தார்.

“ஒசரத்துக்காக்கும் நிறுத்தியிருக்கேன். உங்க மகனை ரெண்டு விரக்கடை குட்டையாக்கிக் கொண்டு வாருங்க, முன்னால நிறுத்துகேன்” என்றேன்.

அவர் அப்புறம் வரவில்லை. என் வரிசையில் தள்ளல் இல்லை, அழுகை இல்லை. சட்டம் ஒன்றே ஒன்று: சிரட்டை இல்லாதவளுக்கு வெள்ளம் இல்லை. மறந்து வந்தவள் திரும்பிப் போய் எடுத்து வர வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகளும் ஊரும் என்னை வெள்ளக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளம் கொடுக்கிறவள் வெள்ளக்காரி. இதில் தப்பு ஒன்றும் இல்லைதானே? ஆனால் ஒரு ஆனி மாதம் புதிய பெரிய டீச்சர் வந்து இறங்கியபோது இந்தப் பேரே முதல் விபத்தாகப் போயிற்று. அவருக்கு ஊர் தாமிரபரணிக் கரை. இருபத்தாறு வயசு இருக்கும். நாகர்கோவிலிலிருந்து வில்வண்டியில் வந்து, பள்ளிக்கூடத்துப் பொறுப்பெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும் என்று ரோட்டில் விசாரித்திருக்கிறார். “எல்லாம் வெள்ளக்காரிகிட்ட கேளுங்க” என்று எவரோ சொல்லியனுப்பிவிட்டார். டீச்சர் சேலையை நீவிவிட்டு, வண்டியிலேயே நாலு வரி இங்கிலீஷ் ஒப்பித்துக்கொண்டு வந்தார். நான் கிணற்றடியில் முழங்கால் வரை நனைந்து நிற்கிறேன்.

“துரைசானி எங்கே?” என்று கேட்டார்.

“எந்தத் துரைசானி?”

“வெள்ளைக்காரி இருக்காங்கன்னு சொன்னாங்களே.”

“அது நானாக்கும்.”

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எங்கேயும் வெள்ளை இல்லை. தலைமுடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. ஒப்பித்து வந்த இங்கிலீஷை வீணாக்க மனமில்லாமல் அதை என்னிடமே சொல்லி முடித்தார். நானும் பானையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல ஒட்டுதல்.

வந்த அன்று சாயங்காலமே குளத்தங்கரையில் ஏறி நின்று தண்ணீரையும் பள்ளிக்கூடத்துக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். ராத்திரிக்குச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளைக் காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் எண்ணத் தொடங்கினார். ரிஜிஸ்டரில் பேர் கூப்பிடுவது வேறு. இது ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவது. ஐம்பத்தெட்டு வந்தால்தான் முகத்தில் ரத்தம் ஓடும்.

பிறகு பாடம் ஆரம்பித்தார். வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்கிற பாடம். நான் வாசலில் தூத்துக்கொண்டே கேட்பேன்.

“வெள்ளம் வருதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?”

“வரிசையா வெளிய போவோம் டீச்சர்.”

“யார் முதல்ல?”

“சின்னப் பிள்ளைக.”

“தள்ளுவீங்களா?”

“தள்ள மாட்டோம்.”

“பயப்படுவீங்களா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வெள்ளத்துக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? “மாட்டோம்” என்று சொல்லும். டீச்சர் மனம் குளிர்ந்துபோவார். நானும் குளிர்ந்துபோவேன், நம்முடைய வரிசையை இந்த அம்மாள் வகுப்பிலேயே வைத்துப் படிப்பிக்கிறாளே என்று. மூன்று வாரம் இப்படி நடந்தது. பதில் ஒவ்வொன்றும் சரி. மக்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னால் அன்றைக்கு ராத்திரி நீங்கள் தூங்கக்கூடாது.

ஆவணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர். தலைப்பாகை, கோட்டு, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். கணக்கெல்லாம் கேட்டு முடித்தபின் டீச்சர் எழுந்து, ஆபத்துக் காலத்தில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று காட்டுவதாகச் சொன்னார். அவரும் சரி என்று சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் கையைத் தட்டி, தொண்டை கிழிய, “வெள்ளம் வருது! வெள்ளம்!” என்று கத்தினார்.

ஐம்பத்தெட்டும் எழுந்தன. சுவரிலிருந்து சிரட்டையை எடுத்தன. தள்ளாமல், அழாமல், குட்டை முன்னால் நெட்டை பின்னாலாக வந்து என் முன்னே நின்று சிரட்டையை நீட்டின. மணி பத்தரை. என் பானையில் ஒரு சொட்டு இல்லை. மானம் போகிறதே என்று கிணற்றுக்கு ஓடினேன்.

இன்ஸ்பெக்டருக்கு வெகு சந்தோஷம். அவர் ஊரிலும் வெள்ளம் என்றால் குடிக்கிற வெள்ளம்தானே. வரிசையின் கடைசியில் தானும் வந்து நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, புத்தகத்தில் எழுதினார்: குடிநீர் ஒழுங்கு நன்று.

அவர் போனதும் டீச்சரைக் காணவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் வாழைமூட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். நல்லா எழுதியிருக்காரே, பின்னே ஏன் அழுகிறீர்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, “ஞானம்மா, வெள்ளம்னா நீங்க எல்லாரும் என்னன்னு நினைச்சீங்க?” என்று கேட்டார். நான் பானையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் குளத்தைக் காட்டினார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வெளிச்சம் வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கத் தொடங்கியவள் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டேன்.

அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். “என் தங்கச்சியும் வந்துட்டா. சிலேட்டை விட்டுட்டேன்னு திரும்பிப் போனா” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சொல்லை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். டீச்சர் யோசித்து, ஜலப்பிரளயம் என்று வைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் கேட்ட சொல், பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியும் என்றார். தெரிந்ததுதான் தொல்லை. அடுத்த வாரம் ஒத்திகையில் அவர் “ஜலப்பிரளயம்!” என்று கூவியதும் பிள்ளைகள் நாலு பக்கமும் சிதறின. பொத்தைக்குத்தான் ஓடுகின்றன என்று நாங்கள் நினைத்தோம். அதுகள் வேதத்தில் வருகிற பேழைக் கதையில் சொன்னபடி ஜோடி ஜோடியாக உயிர்களைப் பிடிக்கப் போயிருந்தன. ஒருத்தன் எங்கள் சபை உபதேசியார் வீட்டுக் கோழி இரண்டைக் கொண்டுவந்தான், இரண்டும் பெட்டை. ஒருத்தி ஆடு ஒன்றை இழுத்து வந்து, இன்னொன்றுக்காக அழுதுகொண்டு நின்றாள். எல்லாம் சேர்ந்ததும் நாலாம் வகுப்புப் பெரிய பயல் பிள்ளைகளையும் கோழியையும் ஆட்டையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. மழை நிற்கிற வரைக்கும் திறக்கக்கூடாதாம். வெளியே நல்ல வெயில்.

“ஏலே, கதவைத் தொற” என்று நான் தட்டினேன்.

“தொறந்தா முங்கிச் செத்துருவோம். நீ முன்னமே ஏறியிருக்கணும், வெள்ளக்காரி” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அப்புறம் மணியை வேகமாக அடித்துப் பார்த்தோம். வேகமணி என்றால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று அர்த்தம். ஐம்பத்தெட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையோடு வீட்டுக்குப் போய்விட்டன. குளம் உடைந்தால் தண்ணீர் முதலில் பாய்கிற வழி அதுதான். டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் சொன்னேன். “டீச்சர், அதுகளுக்குப் புதுசா ஒண்ணும் படிப்பிக்காண்டாம். ஒரே ஒரு காரியம் அதுகளுக்கு நல்லாத் தெரியும், வெள்ளத்துக்கு வரிசையில வாறது. அதைத் தூக்கிப் பொத்தைக்கு மேல வச்சிருவோம்.”

டீச்சர் எழுந்து என் பானையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். “கனமா இருக்கே, தினமும் ஏறுவீங்களா?” என்றார். ஏறுவேன் என்றேன்.

ஏறினேன். மறுநாளிலிருந்து வாசலில் நின்று கூப்பிடுவேன், திரும்பி நடப்பேன், நாற்பது படி ஏறுவேன். பிள்ளைகள் சிரட்டையோடு பின்னால் வரிசையாக வரும். மேலே கோயில் முற்றத்தில் வைத்துத்தான் ஊற்றுவேன். கோயில் வாசலில் சேறாகிறது என்று சபையில் முணுமுணுப்பு. வெள்ளக்காரிக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது, கிணற்றடியில் கொடுக்கிறதை மலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று ஊரில் சிரிப்பு. இடுப்பு போயிற்று, இன்றைக்கும் மழை வந்தால் குத்தும். மழை நாளிலும் விடவில்லை. சேம்பிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் ஏறும். ஒரு வருஷத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுகிற அளவுக்குப் பழகிவிட்டன.

ஒரு காரியத்தில் மட்டும் டீச்சருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சிரட்டையை மறந்து மேலே வந்த பிள்ளையை நான் கீழே திருப்பி அனுப்புவேன். போனால் போகட்டும், கைக்குழியில் ஊற்றுங்கள் என்று டீச்சர் கெஞ்சுவார். சட்டம் சட்டமாக்கும் என்பேன். அடிக்கடி மாட்டிக்கொள்கிறவள் கிருபை, ஆறு வயசு, வரிசையில் முதல் ஆள். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்க மாட்டாள், சிரட்டையை மறப்பாள். நாற்பது படி இறங்கி நாற்பது படி ஏறி வந்து மூச்சு வாங்க நீட்டுவாள். நானும் ஒழுங்கு கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று நிறைவாக ஊற்றுவேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. பதினோராம் நாள் காலை கிணற்றில் வாளியை இறக்கினேன். கயிறு நாலு முழம் மிச்சமாகக் கையில் நின்றது. அத்தனை மேலே ஏறியிருக்கிறது வெள்ளம். தூக்கிப் பார்த்தால் செம்மண் நிறம். மழைக்குக் கிணறு பொங்கும், அது வழக்கம். ஆனால் எங்கள் கிணறு கலங்காது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கலங்கியது. அன்று சாயங்காலம் குளத்தங்கரை அடியில் நண்டு வளை பெருத்து ஆள் கை நுழைகிற ஓட்டையாகியிருப்பதைக் கண்டு, ஓடியோடி அடைத்தார்கள். இந்தத் தடவை குளத்து ஆட்கள் எல்லாம் தெற்குக் கோடியில், மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகாலில் நிற்கிறார்கள். அங்கே ஒருத்தனை ஓடச் சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

அங்கே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். மழையால் தள்ளிப் போட்ட பரீட்சையை அன்றைக்கென்று வந்து நடத்துகிறார். நான் வாளியை டீச்சரிடம் காட்டினேன். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, “சார், வெள்ளம்...” என்றார்.

“வேண்டா, வேண்டா. இப்போ தாகமில்லா” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

“அது இல்லை சார். வெள்ளம் வரும் போல இருக்கு.”

“வரட்டே. அங்ஙோட்டு வச்சேக்கு. பின்னே குடிக்காம்.” அங்கே வைத்துவிட்டுப் போ, பிறகு குடிக்கிறேன் என்கிறார்.

அந்தக் கணத்தில் டீச்சருக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. நீங்கள் குறை சொல்லாதீர்கள். மேலதிகாரி முன்னால் நின்றுகொண்டு, தங்கச்சி போன அதே தண்ணீரை எதிரே பார்க்கிறவளுக்கு நாக்கு கட்டிப்போகும். நான் யோசித்தேன். குளம் உடையப் போகிறது என்று கத்தலாம். கத்தினால் பிள்ளைகள் அம்மையைத் தேடிக் கால்வாய்க் கரையோடு ஓடும். இன்ஸ்பெக்டருக்கு விளக்கிச் சொல்லலாம். அதற்கு அவர் கேள்வி கேட்பார், எத்தனை முழம், எந்த நிறம், உனக்கு யார் சொன்னது என்று. குளம் அதுவரை காத்திருக்குமா? ஒருவேளை குளம் உடையாமலே போனால்? பரீட்சையைக் கெடுத்தவள் என்று என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். போகிறேன். பானைதானே, எங்கேயும் சுமக்கலாம்.

வாசலில் போய் நின்றேன். என்றைக்கும்போல, ஒரு பிசிறு கூடுதல் இல்லாமல் கூப்பிட்டேன்.

“வெள்ளேம்...”

பிள்ளைகள் எழுந்தன. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை வெளியே எடுத்து, மணி பத்துகூட ஆகல்லல்லோ என்றார். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பயல் பாதிக் கணக்கில் சிலேட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுச் சிரட்டையை எடுத்தான். குட்டை முன்னால், நெட்டை பின்னால். சேம்பிலை தலையில். நான் முன்னால் நடந்தேன். ஓடவில்லை. ஓட வேண்டும் என்று கால் துடித்தது, ஆனால் நான் ஓடினால் அதுகளுக்குத் தெரிந்துபோகும். டீச்சர் கடைசியில், குளத்தங்கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே போனதும் டீச்சர் தலை தலையாகத் தொட்டு எண்ணினார். ஐம்பத்தேழு. மறுபடி எண்ணினார். ஐம்பத்தேழு. வரிசையின் முதல் இடத்தைப் பார்த்தேன். கிருபை இல்லை.

“அவ பாதிப் படி வந்தா. சிரட்டையை விட்டுட்டேன்னு எடுக்கப் போயிட்டா” என்றது அடுத்து நின்ற பிள்ளை.

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவளைத் திருப்பி அனுப்பியது நான்தான். ஒரு வருஷமாக, நாற்பது படி நாற்பது படியாக, நானே பழக்கிவிட்டது. டீச்சர் படியில் இறங்கிவிட்டார். நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்து, நீங்கள் பிள்ளைகளோடு நில்லுங்கள், போக வேண்டியவள் நான் என்று முன்னால் இறங்கினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன்.

கீழே இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் கிருபை. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, மேசைக்கு அடியில் என்னவோ அசைகிறதே என்று குனிந்து பார்த்திருக்கிறார். அங்கே உருண்டு போன சிரட்டையை இவள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பரீட்சை வேளையில் பள்ளிக்கூடம் முழுக்க வெள்ளம் குடிக்கப் போய்விட்டதும் அல்லாமல் காலுக்கடியில் ஒருத்தி வேறு ஒளிந்திருக்கிறாளே என்று அவருக்கு வந்த கோபத்தில், இவளைக் கையும் களவுமாகப் பிடித்து, எங்களையும் ஒரு கை பார்ப்பதற்காக ஏறி வருகிறார். படிக்குப் படி திட்டு. இந்த நாட்டில் இதுபோல ஒரு பள்ளிக்கூடம் கண்டதில்லை என்கிறார். கிருபை ஒன்றும் பொருட்படுத்தாமல் சிரட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் இழுப்புக்கு வந்தாள். ஒரு மனிதர் திட்டிக்கொண்டு வருவதைக் கண்டு நான் அப்படி மனம் நிறைந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

மேல்படிக்கு அவர்கள் வந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி. கரை பள்ளிக்கூடத்துக்கு நேராக வாய் பிளந்தது. ஓலைக்கூரை மெதுவாக, மரியாதைக்குத் தலைப்பாகையைக் கழற்றுகிற மாதிரி எழும்பி, சுவரை விட்டு நகர்ந்து, எங்கள் பொத்தையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பெஞ்சு போயிற்று, இன்ஸ்பெக்டர் மேசை போயிற்று, அதன் மேல் பாதிக் கணக்கோடு இருந்த சிலேட்டும் போயிற்று. ஊர்த்தெரு வடக்கே மேட்டில் இருந்ததால் ஆள் சேதம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை ஆட்டி, “வெள்ளம்... வெள்ளம்...” என்றார்.

“ஆமா சார். வெள்ளம்தான். காலையில இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார் டீச்சர்.

“அதல்லா. குடிக்கான்” என்றார் அவர், குடிப்பதற்கு என்று வாயில் கை வைத்துக் காட்டி.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெள்ளம் என்று கூப்பிட்டுவந்தவளிடம் பானையே இல்லை, அது கீழே போய்விட்டது. பின்னால் திரும்பினால் பிள்ளைகள் வரிசையில் நின்று என் முகத்துக்கு நேரே சிரட்டையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஊர் போனாலும் அதுகளுக்கு வரவேண்டியது வர வேண்டும். மழை அந்தச் சிரட்டைகளில் விழுந்து நிறைந்துகொண்டிருந்தது. கிருபை தன் இடத்தை விட்டு வெளியே வந்து, தன்னை இழுத்து வந்தவரிடம் தன் சிரட்டையை நீட்டினாள். யார் வீட்டுச் சிரட்டை என்று அவர் கேட்கவில்லை. அதில் இருந்த அவ்வளவையும் குடித்தார்.

அவர் எழுதியனுப்பிய அறிக்கையைப் பிறகு டீச்சர் எனக்கு வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தைப் பொத்தை மேலேயே கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம். கடைசியில் ஒரே ஒரு வரி: குடிநீர் ஒழுங்கு மிகவும் நன்று. டீச்சர் அந்த ‘மிகவும்’ வந்ததும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஊரில் எல்லாரும் ஐம்பத்தெட்டு என்று என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் ஐம்பத்தேழு என்றுதான் காதில் விழுந்தது. ஐம்பத்தெட்டாவது பிள்ளையைக் கொண்டுவந்தது ஒரு மனிதருடைய கோபம். அடுத்த தடவை கோபக்காரர் ஒருத்தர் வருவார் என்று எந்தப் பள்ளிக்கூடமும் நம்பியிருக்க முடியாது.

அதனால் பெண்பிள்ளைகளே, நீங்கள் பிள்ளைகளுக்கு என்ன பழக்கினாலும், அதனோடு சேர்ந்து உங்களுக்கே தெரியாமல் வேறு என்ன பழக்கிவிட்டீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். நான் யோசித்தேன். பொத்தை மேல் புதிய பள்ளிக்கூடம் எழும்பி, முதல் நாள் பதினொரு மணிக்குப் புதுப் பானையை இடுப்பில் வைத்து வாசலில் நின்றேன். பிள்ளைகள் சுவரைப் பார்த்துக் கையை நீட்டின. அன்றைக்குத்தான் என் கூப்பாட்டில் மூன்று சொல்லைக் கூட்டினேன். வேலையை விட்ட நாள் வரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

“வெள்ளேம்... சிரட்டை இல்லேண்ணாலும் வா.”